நுரைக்காத தண்ணீரும் அரிக்கும் தண்ணீரும்



தண்ணீர் தெளிவாக இருந்துவிட்டால் அது நல்ல தண்ணீர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி இப்போது எல்லாரும் அறிவோம். ஆகையால் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆனால், தண்ணீருக்குள் கிருமியைத் தவிர வேறு சிலவும் கரைந்திருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் ஒரு தண்ணீர் வீட்டுக்கு உதவுமா, குழாயைக் கெடுக்குமா என்பது அமைகிறது. அந்தச் செய்தியை மனிதன் எப்படிப் படிப்படியாக அறிந்தான், அறிந்த பின்னும் எங்கெங்கே தவறினான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குவோம். சில இடத்துத் தண்ணீரில் எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் நுரை வராது. நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தது போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதக்கும். துணி வெளுக்காது, விறைத்துப் போகும். பருப்பு சீக்கிரம் வேகாது. தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் கல் போல ஒரு படிவு ஏறிக்கொண்டே வரும். இத்தகைய தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். மழைத் தண்ணீரோ இதற்கு நேர்மாறானது. சிறிது சவர்க்காரம் போதும், நுரை பொங்கி வரும். இது மென்னீர். தகரக் கூரையிலிருந்து வடியும் மழை நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துத் துணி துவைத்த நம் பாட்டிமார்கள் இந்த வேறுபாட்டை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கையால் அறிந்தார்கள்.

இந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழும்போது மழை நீரில் சுண்ணாம்பு இல்லை. அது மண்ணுக்குள் இறங்கும்போது, இலை தழை மக்குவதால் மண்ணில் உண்டாகும் கரியமில வாயுவைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அதனால் நீருக்குச் சிறிது புளிப்புத்தன்மை வந்துவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் மேல் ஓடினால் கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொண்டு போகிறது. நமது ஈப்போ நகரைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் அவ்வளவு குகைகள் இருப்பதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான். கருங்கல் மலையிலிருந்து வரும் ஓடை நீரில் இப்படிக் கரைவதற்கு அதிகம் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் மென்னீராகவே வந்து சேருகிறது.

இதை ஆராய்ந்து விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கில விஞ்ஞானி. இலண்டன் நகரில் ராத்போன் பிளேஸ் என்ற தெருவிலிருந்த நீரேற்றுக் குழாயின் தண்ணீரை எடுத்து அவர் சோதனை செய்தார். 1767-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைக் கரியமில வாயுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர் காட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேறிவிடும். பிடிப்பு விட்ட சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். நம் கெண்டியில் கல் படியும் மர்மம் இதுதான். அவர் இன்னொன்றும் கண்டார். அதே தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றினால், அந்தத் தெளிவு கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. உடனே நீரில் முன்பே இருந்த சுண்ணாம்பும், புதிதாகச் சேர்த்த சுண்ணாம்பும் சேர்ந்தே கீழே இறங்கிவிடுகின்றன. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வோமே, அது போலத்தான் இதுவும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பே வெளியேற்றுகிறது.

இந்த உண்மை எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டிலேயே இருந்தது. அதை ஊருக்குப் பயன்படும் தொழிலாக மாற்றியவர் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற பேராசிரியர். அபர்டீன் நகரில் மாரிஷல் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். 1841-ஆம் ஆண்டில், நகருக்கு வழங்கும் தண்ணீரில் அளவாகச் சுண்ணாம்பு சேர்த்து மென்மையாக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். அளவாக என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குறைந்தால் கடினம் போகாது. கூடினால் தண்ணீர் காரமாகிவிடும். அளவு தெரிய வேண்டுமானால் முதலில் கடினத்தை அளக்க வேண்டும் அல்லவா? அதற்கும் கிளார்க்கே வழி சொன்னார். ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீரைக் குப்பியில் எடுத்து, சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். நுரை நிலைத்து நிற்கும் வரை எவ்வளவு கரைசல் செலவானதோ அதுதான் கடினத்தின் அளவு. இன்றும் கடினத்தை அளக்கும் பழைய அலகுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் வழங்குகிறது.

இந்தச் சோதனையைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழை நீர், மற்றதில் குழாய் நீர் அல்லது கிணற்று நீர். இரண்டிலும் சவர்க்காரக் கட்டியைக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பாருங்கள். எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ணுங்கள். சவர்க்காரத் தூளை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது. ஆகவே உண்மையைக் காட்டாது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சவர்க்காரம் விலையுள்ள பொருள். இங்கிலாந்தில் 1853-ஆம் ஆண்டு வரை அதற்கு வரியும் இருந்தது. கடின நீரில் துவைக்கும் குடும்பம் வாங்கிய சவர்க்காரத்தில் ஒரு பங்கு அழுக்கைப் போக்கும் முன்பே சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகிவிடும். அதனால் மென்னீர் என்பது ஏழைக் குடும்பத்தின் செலவைக் குறைக்கும் ஒன்றாகக் கருதப்பட்டது. நகராட்சிகள் மென்னீரைத் தேடி மலைகளுக்குப் போயின.

அப்படிப் போன நகரங்களில் புகழ் பெற்றது கிளாஸ்கோ. தொழிற்சாலைகள் நிறைந்த அந்த ஸ்காட்லாந்து நகரம் காலராவால் மிகவும் துன்பப்பட்டது. மலைகளுக்கு நடுவேயுள்ள கேட்ரின் ஏரியிலிருந்து நகருக்கு அருகிலுள்ள நீர்த்தேக்கத்துக்கு 26 மைல் நீளத்துக்குக் கால்வாயும் சுரங்கமும் அமைத்து நீர் கொண்டுவந்தார்கள். பொறியாளர் பேட்மன் என்பவர். 1859-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விக்டோரியா மகாராணியார் அதைத் திறந்து வைத்தார். 1866-இல் காலரா மீண்டும் பிரிட்டனுக்குள் நுழைந்தபோது கிளாஸ்கோவில் முன்பு போல் மக்கள் கொத்துக் கொத்தாக மடியவில்லை. தண்ணீரும் மிக மிருதுவானது. சலவைக்கு ஏற்ற நீர். ஊரே பெருமைப்பட்டது.

ஆனால், நேயர்களே, இங்கேதான் கதையின் மறுபக்கம் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் வீடுகளுக்குள் நீர் சென்றது ஈயக் குழாய்கள் வழியாக. மாடி வீடுகளின் மேல்தளத்தில் ஈயத் தகடு பதித்த தொட்டிகள் இருந்தன. கேட்ரின் ஏரி நீர் ஈயத்தைக் கரைக்குமா, கரைக்காதா என்று திட்டம் தீட்டியபோதே இரசாயன அறிஞர்கள் இரு கட்சியாக நின்று வாதிட்டார்கள். ஈயம் தீங்கு செய்யும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயைவிட மண் குழாயில் வரும் நீரே உடம்புக்கு நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார். ஈய வேலை செய்பவர்களின் வெளிறிப்போன முகத்தையே அவர் சான்றாகக் காட்டினார்.

அப்படியானால் உரோமானியரும் மற்றவரும் ஈயக் குழாயை எப்படி இவ்வளவு காலம் பயன்படுத்த முடிந்தது? இதற்கு ஒரு விடை கடின நீரில் இருக்கிறது. சுண்ணாம்பு நிறைந்த நீர் குழாயின் உட்புறத்தில் படிவு ஏற்படுத்துகிறது. அந்தப் படிவு ஒரு சட்டை போல் இருந்து உலோகத்தையும் நீரையும் ஓரளவு பிரித்து வைக்கிறது. மென்மையும் புளிப்பும் கூடிய மலைநீருக்கு இந்தச் சட்டையை நெய்யத் தெரியாது. அது உலோகத்தை நேரடியாகத் தொடுகிறது. சிறிது சிறிதாகத் தின்கிறது. இங்கிலாந்தில் ஷெபீல்டு முதலிய வடபகுதி நகரங்களில் 1880-களில் இந்தக் காரணத்தால் மக்கள் ஈய நஞ்சுக்கு ஆளானார்கள். சதுப்பு மேட்டு நிலத்திலிருந்து வந்த புளிப்பு நீர் குழாயைக் கரைத்துக்கொண்டு வந்தது. சுண்ணக்கல் பொடி சேர்த்துப் புளிப்பைத் தணிப்பதே அதற்கு மருந்தாயிற்று. கிளாஸ்கோவிலோ இன்னும் நெடுங்காலம் ஆனது. 1970-களில் அந்நகர மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மக்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 1978-இல் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினார்கள். 1989-இல் பாஸ்பேட் உப்பும் சேர்க்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் பெருமையாகப் பேசிய மென்னீருக்குச் சுண்ணாம்பு போட வேண்டி வந்தது!

இனிச் செம்புக் குழாயைப் பார்ப்போம். செம்பு மனிதனுக்குப் புதிய உலோகம் அன்று. எகிப்து நாட்டில் சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் சாகுரே என்ற மன்னனின் பிரமிடுக் கோயிலில் நீர் வடிவதற்குச் செம்புத் தகட்டால் ஆன குழாய் பதித்திருந்தார்கள். ஆனால், சாதாரண வீடுகளில் செம்புக் குழாய் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஈயத்தைப் போல் நஞ்சில்லை, இரும்பைப் போல் துருப்பிடித்து அடைத்துக்கொள்வதில்லை என்பதால் மேல்நாடுகளில் அதற்கு வரவேற்பு மிகுந்தது. குழாய்த் துண்டுகளை இணைக்க ஈயம் கலந்த பற்றாசு பயன்பட்டது. அந்தப் பற்றாசிலிருந்தும் ஈயம் நீரில் இறங்குகிறது என்று பின்னர் தெரிந்தது. அமெரிக்கா 1986-இல் குடிநீர்க் குழாய்களுக்கு அதைத் தடை செய்தது.

செம்பை எந்த நீர் தின்னும்? இதற்கு விடை நம் வீட்டுப் பாத்திரத்திலேயே உண்டு. செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். அதைச் சாப்பிட்டால் குமட்டும், வாந்தி வரும். இதற்காகத்தானே பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள்! புளிப்பு செம்புக்குப் பகை. குழாயிலும் இதே நியாயம்தான். நீரின் புளிப்பு, காரத் தன்மையை அளக்கும் கணக்குக்கு பி.எச். என்று பெயர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே சரியச் சரிய நீர் செம்பைத் தின்னத் தொடங்குகிறது. நீரில் கரியமில வாயு நிறைந்திருந்தாலும் அரிப்பு உண்டு. வெள்ளைப் பீங்கான் தொட்டியில் நீலமும் பச்சையும் கலந்த கறை விழுந்தால், விடியற்காலையில் பிடிக்கும் தண்ணீர் துவர்ப்பாகவும் உலோக வாடையுடனும் இருந்தால், குழாய் கரைகிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டர் குடிநீரில் செம்பு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

இதற்கிடையில் தண்ணீரை மென்மையாக்க இன்னொரு வழி பிறந்தது. அதன் வேர் விவசாயத்தில் இருக்கிறது. ஆகவே தோட்டத்தில் வாழும் நமக்கு அது எளிதில் விளங்கும். செடிக்கு உரம் போடுகிறோம். உரம் நீரில் கரையக்கூடியது. அப்படியிருந்தும் ஒரு மழைக்கே முழுவதும் அடித்துக்கொண்டு போவதில்லையே, ஏன்? இங்கிலாந்தில் தாம்சன் என்ற நிலக்கிழாரும், தாமஸ் வே என்ற இரசாயன அறிஞரும் இதை ஆராய்ந்தார்கள். அம்மோனியா கலந்த உரநீரை மண்ணின் வழியாக வடிய விட்டார்கள். கீழே வந்த நீரில் அம்மோனியாவைக் காணோம். அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து வந்திருந்தது. மண் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்திருக்கிறது! 1850-ஆம் ஆண்டில் இந்தப் பண்டமாற்று வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியில் இராபர்ட் கான்ஸ் என்பவர் இந்தப் பண்டமாற்றைத் தண்ணீருக்குப் பயன்படுத்தினார். மண்ணிலுள்ள அதே தன்மையுடைய மணிகளைச் செயற்கையாகச் செய்து, அவற்றில் சோடியத்தை ஏற்றி வைத்தார். கடின நீர் அதன் வழியே செல்லும்போது மணிகள் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுத்துவிடும். கொடுக்கச் சோடியம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? சாதாரண உப்பைக் கரைத்து அந்த நீரை ஊற்றினால் போதும். மணிகள் சுண்ணாம்பைக் கக்கிவிட்டு மீண்டும் சோடியத்தை ஏற்றிக்கொள்ளும். பெர்முடிட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மாற்றிக்கொள்ளுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பின்னர் 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் செயற்கைப் பிசினிலும் இந்தக் குணத்தைக் கண்டார்கள். இன்று வீடுகளில் பொருத்தும் நீர் மென்மையாக்கும் கருவிகளுக்குள் இருப்பவை அந்தப் பிசின் மணிகளின் வழிவந்தவையே.

மென்னீர் குழாயை அரிக்கும் என்று கிளாஸ்கோவையும் ஷெபீல்டையும் கண்ட உலகத்துக்கு ஒரு பயம் இருந்தது. அப்படியானால் இந்தக் கருவியால் மென்மையாக்கிய நீரும் செம்புக் குழாயைத் தின்றுவிடுமா? இந்தக் கேள்வியைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலைநீர் அரிப்பதற்குக் காரணம் அதில் சுண்ணாம்பு இல்லாதது மட்டும் அன்று. அதன் புளிப்பும், அந்தப் புளிப்பைத் தாங்கும் காரச் சத்து அதில் குறைவாக இருப்பதுமே முக்கியக் காரணங்கள். உப்பு முறைக் கருவியோ சுண்ணாம்பை எடுத்துச் சோடியத்தை வைக்கிறதே ஒழிய, நீரின் பி.எச். அளவை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. காரச் சத்தையும் தொடுவதில்லை. ஆகவே, முன்பு புளிப்பில்லாத நீர் மென்மையான பின்னும் புளிப்பில்லாத நீர்தான். முன்பே புளிப்பாக இருந்த நீர், மென்மையாக்கினாலும் புளிப்பு நீர்தான். குழாய் அரித்தால் கருவியை மட்டும் குற்றம் சொல்வதும், கருவியை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் இரண்டுமே தவறு.

1936-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இலாங்கெலியர் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். ஒரு நீர் சுண்ணாம்பைப் படிய வைக்குமா, கரைக்குமா என்று அதனால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. குழாய்க்குள் மெல்லிய சுண்ணாம்புச் சட்டை ஒன்று இருக்குமாறு நீரை அமைத்துவிட்டால் அரிப்பு நின்றுவிடும் என்று பொறியாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஈயத்துக்கும் செம்புக்கும் இந்தக் கணக்கு ஒன்றே போதாது என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. பி.எச். அளவு, காரச் சத்து, நீரில் உள்ள குளோரைடு உப்பு, குளோரின் மருந்து, நீர் ஓடும் வேகம், அது குழாயில் தேங்கிக் கிடக்கும் நேரம், வெந்நீரா தண்ணீரா என்பது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாஸ்பேட் உப்பு சிறிதளவு சேர்த்தால் அது உலோகத்தோடு சேர்ந்து ஒரு மெல்லிய காப்பாக அமைகிறது. பல நகரங்கள் இன்று அந்த முறையைக் கையாளுகின்றன.

அறிவு வளர்ந்துவிட்டது; இனித் தவறு நேராது என்று நினைக்கத் தோன்றும். ஆனால், 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்பது அப்போது சுமார் ஒரு இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊர். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வறுமைக்கு ஆளான தொழிலாளர் நகரம். செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட் நகரிலிருந்து பெற்றுவந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு, 2014 ஏப்ரல் மாதம் ஊரின் ஆற்று நீருக்கு மாறினார்கள். ஆற்று நீர் கடினமானது; சுண்ணாம்பு முறையில், கிளார்க் காட்டிய வழியில், அதை மென்மையாக்கினார்கள். ஆனால், டெட்ராய்ட் நீரில் இருந்த பாஸ்பேட் காப்பை இதில் சேர்க்கவில்லை. குளோரைடு உப்பும் இந்த நீரில் அதிகம். பழைய ஈயக் குழாய்களில் பல்லாண்டுகளாகப் படிந்திருந்த காப்புச் சட்டை கரைந்தது. ஈயம் நீரில் கலந்தது. இரும்புக் குழாய்களிலிருந்து செந்நிறத் தண்ணீர் வந்தது.

அதே ஆண்டு அக்டோபர் மாதம், ஊரிலிருந்த மோட்டார் எஞ்சின் தொழிற்சாலை இந்தத் தண்ணீர் உலோக உதிரிப் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பின்னும் ஓராண்டு குடித்தார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விடாமல் கேள்வி கேட்டவர்களுள் ஒருவர் இலீயான் வால்டர்ஸ் என்னும் தாய். பிள்ளைகளின் உடம்பில் கண்ட மாற்றத்தைப் பார்த்து, தம் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வைத்தார். வர்ஜீனியாவைச் சேர்ந்த பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் அவருக்குத் துணை நின்று ஆய்வு செய்தார். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, நீர் மாறிய பின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் எடுத்துக்காட்டினார். அடுத்த மாதமே ஊர் பழைய நீருக்குத் திரும்பியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு அதற்குக் கிடையாது. திரும்பிய நீர் அந்தப் பாதிப்பைத் திருப்பித் தராது.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை?

முதலாவது, சோதித்த பிறகே செலவு செய்ய வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்து கருவி விற்பவர் உங்கள் தண்ணீரில் கம்பியை வைத்து நிறம் மாற்றிக் காட்டலாம். அதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. கடினம் எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். கெண்டியில் கல்லே படியாத ஊரில் மென்மையாக்கும் கருவிக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, தண்ணீர் புளிப்பாக இருந்தால் முதலில் புளிப்பைப் போக்க வேண்டும். சுண்ணக்கல் அல்லது பளிங்குக்கல் துண்டுகள் நிரப்பிய தொட்டியின் வழியாக நீரை விட்டால் புளிப்பு தணியும். கடினம் சிறிது கூடும். மென்மையாக்கும் கருவி தேவையானால் அதற்கு அடுத்தபடியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாத் தண்ணீரையும் மென்மையாக்க வேண்டியதில்லை. துவைக்கவும் குளிக்கவும் மென்னீர் போதும். சமைக்கவும் குடிக்கவும் ஒரு குழாயை மென்மையாக்காமல் விட்டுவிடுவது நல்லது. ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் அந்த நீரில் ஏறுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், பால்மாவு குடிக்கும் குழந்தைகளுக்கும் அது உகந்ததன்று. கருவியை உப்பு நீரால் கழுவிய பிறகு நன்றாக அலசி வெளியேற்ற வேண்டும். தங்கிவிட்ட உப்பு நீர் செம்புக் குழாய்க்கும் ஆகாது.

நான்காவது, உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் அடியோடு நீக்கிவிடும் வடிகட்டிகள் இப்போது கிடைக்கின்றன. அந்த நீர் உலோகத்தின் மேல் பசியோடு பாயும். அதைச் செம்புக் குழாய் வழியாக அனுப்பக் கூடாது. குடிநீருக்கு உரிய பிளாஸ்டிக் குழாயில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது, செலவே இல்லாத ஒரு பழக்கம். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் குடிக்கவோ, குழந்தைக்குப் பால் கலக்கவோ பயன்படுத்தாதீர்கள். நீர் குளிர்ந்து வரும் வரை திறந்து விடுங்கள். அந்த நீரை வீணாக்காமல் வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். சமையலுக்கு வெந்நீர்க் குழாயின் நீரை எடுக்க வேண்டாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும்; செம்பும் ஈயமும் போகாது. நீர் வற்ற வற்ற அவை செறிந்துதான் நிற்கும்.

கறையோ, துவர்ப்போ, நிறமோ கண்டால் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, நீர் வழங்குவோரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முதலில் சொன்ன பதிலோடு திரும்பிவிட வேண்டாம். பதிலை எழுத்தில் கேளுங்கள். பிளின்ட் நகரில் அதைச் செய்தவர் ஒரு வீட்டுத் தாய்தான். அடுப்பங்கரையில் நிற்பவருக்குத் தண்ணீரின் மாற்றம் அதிகாரியைவிட முன்னதாகத் தெரியும். அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

கேவண்டிஷ் குழாய் நீரை ஆராய்ந்து ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு தண்ணீரை மென்மையாக்க எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால், தண்ணீரில் ஒன்றை மாற்றினால், அது வரும் வழியில் என்ன நேரும் என்று பார்க்க மறந்த இடங்களில் எல்லாம் பிள்ளைகள்தாம் விலை கொடுத்திருக்கிறார்கள். துணி வெளுப்பதையும் பருப்பு வேகுவதையும் மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், குழாயையும் எண்ணிப் பார்ப்போமாக.